அறுபது லிட்டர் கடலுக்கு ஸ்கிம்மர் வேண்டுமா?

அறுபது லிட்டர் கொள்ளும் ஒரு கடல்நீர்த் தொட்டியை எடுத்துக்கொள்வோம். உள்ளே இரண்டு கோமாளி மீன்கள், ஓர் இறால், கொஞ்சம் பாறை. ஒரு வாரத்தில் போடும் தீனி மொத்தம் ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலர்தீனியில் ஏறக்குறைய 45 விழுக்காடு புரதம். புரதத்தின் எடையில் 16 விழுக்காடு நைட்ரஜன். ஆக, ஒரு கிராம் தீனியோடு 72 மில்லிகிராம் நைட்ரஜன் தண்ணீருக்குள் போகிறது. மீன் தின்று கழித்தாலும், தின்னாமல் விட்டது அழுகினாலும், அதில் பெரும்பங்கு அம்மோனியாவாகி, பாக்டீரியாவால் நைட்ரைட்டாகி, கடைசியில் நைட்ரேட்டாக வந்து நிற்கும். அத்தனையும் நைட்ரேட்டானால் 320 மில்லிகிராம். அறுபது லிட்டரில் அது கரையும்போது லிட்டருக்கு 5.3 மில்லிகிராம். பவளப்பாறை இருக்கும் கடலில் நைட்ரேட் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் வெகு கீழே. ஒரே வாரத்தில், ஒரு கிராம் தீனியால், தொட்டி கடலை விட்டு அவ்வளவு தூரம் விலகிவிடுகிறது.

இந்தக் கணக்கு தரும் அச்சம்தான் சிறிய மரைன் டேங்க் வைப்பவரை, தண்ணீரின் அழுக்கை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரை வாங்கத் தூண்டுகிறது. கடையில் கேட்டால் பெட்டியைத் திருப்பி, ‘200 லிட்டர் வரை’ என்று அச்சிட்டிருப்பதைக் காட்டுவார்கள். அறுபது லிட்டருக்கு இருநூறு லிட்டர் ஸ்கிம்மர் போட்டால் மூன்று மடங்கு சுத்தம் என்று மனம் கணக்குப் போடும். அந்த மனக்கணக்கு தவறு. சிறிய தொட்டியில் பெரிய ஸ்கிம்மர் பல நேரம் ஒழுங்காக நுரையே எடுக்காது. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு: இவ்வளவு சிறிய தொட்டியில் ஸ்கிம்மரின் முதல் பயன் தண்ணீருக்கு மூச்சுக் கொடுப்பது, அழுக்கெடுப்பது அதற்கு அடுத்துத்தான். இது புரிய நுரையின் இயற்பியலுக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

ஸ்கிம்மர் என்பது செங்குத்தாக நிற்கும் ஒரு குழாய். அடியில் ஒரு சிறு பம்ப் தண்ணீரையும் காற்றையும் சேர்த்து இழுத்து, காற்றைப் பொடிக் குமிழிகளாக உடைத்து உள்ளே தள்ளும். குழாயின் மேற்பகுதி குறுகிக் கழுத்தாகும். கழுத்துக்கு மேல் ஒரு கப். குமிழிகள் மேலேறிக் கழுத்தில் நுரையாகத் திரண்டு, கப்பில் வழிந்து, பழுப்பு நிறத்தில் நாற்றமடிக்கும் நீராகத் தேங்கும்.

நுரை எப்படி அழுக்கைப் பிடிக்கிறது? புரதம், கொழுப்பு, பாசிகள் சுரக்கும் பசை போன்ற பல கரிமப் பொருள்களின் மூலக்கூறுகளுக்கு இரட்டை இயல்பு உண்டு. ஒரு பகுதி தண்ணீரோடு ஒட்டும். இன்னொரு பகுதி தண்ணீரை விட்டு விலகப் பார்க்கும். நடுத்தண்ணீரில் அதற்குப் போக்கிடம் இல்லை. பக்கத்தில் ஒரு காற்றுக் குமிழி வந்தால், தண்ணீரை விரும்பாத பகுதியைக் காற்றுக்குள் நீட்டி, மற்றதைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, குமிழியின் தோலில் ஒட்டிக்கொள்கிறது. இப்படி ஒட்டியவையே அந்தத் தோலுக்கு வலுவும் கொடுக்கின்றன. அதனால்தான் குமிழி மேலே வந்ததும் உடையாமல் நுரையாக நிற்கிறது. வெல்லம் காய்ச்சும் இடத்தில் கரும்புச்சாறு கொதிக்கும்போது அழுக்கு நுரையோடு மேலே வர, அதை வழித்து எறிவார்களே, அதே வேலைதான் இது. அங்கே குமிழியைக் கொதி கொடுக்கிறது, இங்கே பம்ப் கொடுக்கிறது.

கடலே இதைச் செய்துகொள்கிறது. அலை உடையும் இடத்தில் வெண்ணுரை திரள்வதற்குத் தண்ணீரில் இருக்கும் கரிமப் பொருள்தான் காரணம். 2019 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை மெரினாவில் கரை முழுக்க நுரை குவிந்து, பிள்ளைகள் அதில் இறங்கி விளையாடியதைப் பலர் படங்களில் பார்த்திருப்பார்கள். மழைவெள்ளத்தோடு கடலில் கலந்த கழிவுநீரும் சலவைப்பொருள்களும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. குமிழியின் தோலில் ஒட்டக்கூடிய பொருள் மிகுந்தால் நுரையும் மிகும். ஸ்கிம்மரின் கப்பில் சேர்வதும் அந்த வகைச் சரக்குதான். யாரும் அதைக் கையால் அளைய வேண்டாம்.

இனி குமிழியின் அளவு. ஒரு லிட்டர் காற்றை 5 மில்லிமீட்டர் குமிழிகளாக உடைத்தால், எல்லாக் குமிழிகளின் மேற்பரப்பும் சேர்ந்து 1.2 சதுர மீட்டர் வரும். அதே காற்றை 1 மில்லிமீட்டராக உடைத்தால் 6 சதுர மீட்டர். அரை மில்லிமீட்டரானால் 12. அழுக்கு ஒட்டுவது மேற்பரப்பில்தான் என்பதால், காற்று எவ்வளவு போகிறது என்பதற்கு இணையாக அது எவ்வளவு பொடியாகிறது என்பதும் முக்கியம். பொடிக் குமிழி மெதுவாகவும் ஏறும். ஒட்டுவதற்கு நேரமும் கூடுகிறது.

இங்கே உப்பு ஒரு பெரிய உதவி செய்கிறது. நன்னீரில் இரண்டு குமிழிகள் மோதினால் சேர்ந்து ஒன்றாகிப் பெரிதாகிவிடும். கடல்நீரில் அவை எளிதில் சேர்வதில்லை. 1993-இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெய்க், நின்ஹம், பாஷ்லி ஆகியோர் ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். எல்லா உப்புகளும் குமிழிகளைப் பிரித்து வைப்பதில்லை. சில உப்புகளுக்கு அந்தத் திறன் உண்டு, சிலவற்றுக்குத் துளியும் இல்லை. சாதாரணச் சமையலுப்புக்கு உண்டு. லிட்டருக்கு ஆறேழு கிராம் கரைந்தாலே குமிழிகள் சேராமல் நிற்கத் தொடங்கும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. நன்னீர்த் தொட்டிக்குப் பொதுவாக ஸ்கிம்மர் வைப்பதில்லை என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குமிழிகள் கழுத்துக்குள் நுழைந்த பிறகு இரண்டாம் கட்ட வேலை தொடங்குகிறது. நுரையின் சுவர்களுக்கு இடையே இருக்கும் தண்ணீர் மெல்ல வடிந்து கீழே இறங்கும். அழுக்குச் சுமந்த சுவர்கள் மட்டும் மேலே போகும். வடியாமல் போனால் கப்பில் வெறும் தொட்டித் தண்ணீர்தான் சேரும். முழுக்க வடிந்துவிட்டால் சுவர் மெலிந்து உடைந்து, சுமந்து வந்தது எல்லாம் திரும்பிக் கீழே விழும். நுரை கழுத்தைக் கடக்கும் வரை உடையாமல் நிற்பதற்கு ஒவ்வொரு குமிழியின் தோலிலும் போதிய அளவு அழுக்கு ஒட்டியிருக்க வேண்டும். சிறிய தொட்டிக்குப் பெரிய ஸ்கிம்மர் பொருந்தாமல் போவது இந்த இடத்தில்தான். இரண்டு கோமாளி மீன்களின் கழிவு ஓர் அகன்ற கழுத்தை நிரப்பப் போதாது. நுரை பாதிவரை ஏறி, உடைந்து, இறங்கிக்கொண்டே இருக்கும். வாங்கியவர் காற்றைத் திருகுவார், நீர்மட்டத்தை மாற்றுவார், பம்பைக் குறை சொல்வார். தொட்டியில் அழுக்கு போதவில்லை என்பதே உண்மைக் காரணம்.

ஸ்கிம்மர் எதையெல்லாம் எடுக்காது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகியவை குமிழியில் ஒட்டாது. கரைந்த பாஸ்பேட்டும் அப்படியே. கடல்மீன்கள் தம் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக நேரடியாக அம்மோனியாவாகவே விட்டுவிடுகின்றன. அதாவது, நைட்ரஜனின் பெரும்பங்கு ஸ்கிம்மரின் கைக்கு எட்டாத வடிவத்தில்தான் தண்ணீருக்குள் வருகிறது. ஸ்கிம்மர் எடுப்பது மிஞ்சிய தீனி, சளி, மீன் எச்சத்தின் கரைந்த பகுதி, பாசிச் சுரப்பு, மிதக்கும் பாக்டீரியா போன்றவற்றை, அவை அழுகுவதற்கு முன்னால்.

அதிலும் எவ்வளவு? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மனும் அவர் மாணவர்களும் 2009-இல் இதை அளந்தார்கள். நீடில் வீல், வெஞ்சுரி, ஏர் ஸ்டோன், டவுன்டிராஃப்ட் என்று நான்கு வகை ஸ்கிம்மர்களைத் தொட்டித் தண்ணீரில் ஓட்டி, கரிமக் கார்பன் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார்கள். எந்த வகையானாலும் மொத்தக் கரிமக் கார்பனில் 20 முதல் 30 விழுக்காடு அளவுக்குத்தான் குறைந்தது. அதற்குமேல் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் பெரிதாக இறங்கவில்லை. மிச்சமுள்ள கரிமப் பொருளுக்குக் குமிழியில் ஒட்டும் இயல்பு இல்லை. 2010-இல் அதே குழு கப்பில் சேர்ந்த கசடைப் பகுத்தபோது, உலர்ந்த கசடில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கரிமக் கார்பன் இருந்தது. கடலுப்பு நீங்கலாக மற்றதில் பெரும்பகுதி கால்சியம், மக்னீசியக் கார்பனேட்டுகளும் சிலிக்காவும். கப்பின் கரிய நிறத்தைப் பார்த்து நாம் நினைப்பதைவிட அது சுமக்கும் கரிமப் பொருள் குறைவு.

இந்த ஆய்வு ஸ்கிம்மரைத் தாழ்த்துவதாக நான் படிக்கவில்லை. வாங்குபவருக்கு அது ஒரு பெரிய விடுதலை. விலையுயர்ந்த மாடலும் எளிய மாடலும் ஏறக்குறைய ஒரே கோட்டில் போய் நிற்கின்றன. வேகமானது அந்தக் கோட்டைச் சீக்கிரம் தொடுகிறது, அவ்வளவுதான். ஸ்கிம்மர் இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் கருவி. இரண்டு மணி நேரத்தில் தொடுவதற்கும் ஆறு மணி நேரத்தில் தொடுவதற்கும் சிறிய தொட்டியில் பெரிய வேறுபாடு இல்லை.

இப்போது தொடக்கத்தில் போட்ட கணக்குக்கு வருவோம். வாரம் 5.3 மில்லிகிராம் நைட்ரேட் சேர்கிறது. வாரந்தோறும் 15 விழுக்காடு, அதாவது 9 லிட்டர் தண்ணீரை மாற்றுகிறீர்கள். நைட்ரேட் ஏறிக்கொண்டே போய் 35 மில்லிகிராமில் நின்றுவிடும். ஏனென்றால் 35-இல் 15 விழுக்காடுதான் 5.3. உள்ளே வருவதும் வெளியே போவதும் அந்த இடத்தில் சமமாகிறது. இப்போது ஒரு ஸ்கிம்மர் வைத்து, அது நைட்ரஜனில் கால்பங்கை முன்கூட்டியே எடுத்துவிடுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 35 என்பது 26 ஆகக் குறையும். ஸ்கிம்மரே இல்லாமல், தண்ணீர் மாற்றுவதை 15-இலிருந்து 20 விழுக்காடாக உயர்த்தினால்? அதே 26. கால்பங்கு எடுக்கும் ஸ்கிம்மர், தண்ணீர் மாற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலுக்குச் சமம்.

அறுபது லிட்டர் தொட்டியில் அந்தக் கூடுதல் மூன்றே மூன்று லிட்டர். செயற்கைக் கடலுப்பு லிட்டருக்கு 38 கிராம் என்று வைத்தால், ஆண்டு முழுக்கவும் ஆறு கிலோ உப்பு. நானூறு லிட்டர் தொட்டியில் அதே கூடுதல் வாரம் இருபது லிட்டர். ஆண்டுக்கு நாற்பது கிலோ உப்பு, அதைக் கலக்க ஆயிரம் லிட்டருக்கு மேல் ஆர்.ஓ. தண்ணீர், சுமக்க ஒரு நல்ல முதுகு. பெரிய தொட்டிக்கு ஸ்கிம்மர் தவிர்க்க முடியாததாகவும் சிறிய தொட்டிக்கு விருப்பத்தைப் பொறுத்ததாகவும் ஆவதற்கு இதுதான் காரணம். நுரையின் இயற்பியல் இரண்டுக்கும் ஒன்றுதான். வாளியின் கணக்குதான் வேறு.

அழுக்கு விஷயத்தில் ஒரு வாளி போதும் என்றால், சிறிய தொட்டிக்கு ஸ்கிம்மர் எதற்கு? காற்றுக்கு.

கடல்நீர் ஆக்சிஜனைக் குறைவாகத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை ஏற்கும், கடல்நீர் 6.8 வரைதான். சென்னை போன்ற ஊரில் கோடைப் பிற்பகலில் தண்ணீர் 30 டிகிரியைத் தொட்டால் அது 6.2 ஆகிவிடும். வெப்பம் கூடினால் மீனின் ஆக்சிஜன் தேவையும் கூடும். இரவில் விளக்கு அணைந்ததும் பாசிகள் ஆக்சிஜன் விடுவதை நிறுத்திவிட்டுத் தாமும் மூச்சிழுக்கும். பாறையில் இருக்கும் பாக்டீரியாக்கள் எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும். அறுபது லிட்டர் கனசதுரத் தொட்டியின் நீர்ப்பரப்பு நாற்பதுக்கு நாற்பது சென்டிமீட்டர்; சதுர மீட்டரில் 0.16. மீன் துள்ளிவிடும் என்று அதன்மேல் மூடி வேறு போட்டிருப்பார்கள்.

அந்தத் தொட்டியில் மணிக்கு 100 லிட்டர் காற்று இழுக்கும் ஒரு குட்டி ஸ்கிம்மரை வைத்துப் பாருங்கள். ஒரு குமிழி உள்ளே மூன்று நொடி தங்குகிறது, குமிழியின் விட்டம் ஒரு மில்லிமீட்டர் என்று கொண்டால், எந்த நொடியில் பார்த்தாலும் அந்தச் சிறு குழாய்க்குள் அரைச் சதுர மீட்டர் காற்றுத்தோல் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். தொட்டியின் மேற்பரப்பைப் போல மூன்று மடங்கு. அதுவும் நொடிக்கு நொடி புதுக்காற்று. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதைத் தடுப்பது இதுதான். ஓர் இறாலோ நத்தையோ பாறை இடுக்கில் செத்துக் கிடந்து, நாம் கவனிப்பதற்குள் பாக்டீரியா பெருகி ஆக்சிஜனை உறிஞ்சும் அந்த ஒரு நாளில், தொட்டியைக் காப்பாற்றுவதும் இதுவாகத்தான் இருக்கும். அன்றைக்கு நுரையும் வழக்கத்தைவிடக் கறுத்துப் பெருகும். அது ஓர் எச்சரிக்கை மணியும் கூட.

காற்று இரண்டு வழியும் போகும். தண்ணீரில் மிகுந்த கார்பன் டை ஆக்சைடை ஸ்கிம்மர் வெளியேற்றி, பி.எச். அளவைக் கடலின் 8.1-ஐ நோக்கி உயர்த்தும். ஆனால் இழுக்கும் காற்றிலேயே கார்பன் டை ஆக்சைடு மிகுந்திருந்தால்? கதவு சன்னல் எல்லாம் அடைத்து ஏ.சி. போட்டு இரண்டு பேர் தூங்கும் அறையில், வெளிக்காற்றில் உள்ளதைவிட இரு மடங்குக்கு மேல் அந்த வாயு சேர்வது இயல்பு. அங்கே ஓடும் ஸ்கிம்மர் அதையே தண்ணீருக்குள் ஊட்டும்; காலையில் பி.எச். இறங்கியிருக்கும். காற்றுக்குழாயை நீட்டி, சன்னல் இடுக்கு வழியே வெளியே விட்டால் தீர்ந்தது. குழாய் நீள நீளக் காற்றின் அளவு குறையும் என்பதால் சற்றே பருமனான குழாயாக வாங்குங்கள்.

தேர்வைப் பற்றி இப்போது பேசலாம். பெட்டியில் அச்சிடும் லிட்டர் கணக்குக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு நிறுவனம் இரண்டு மீன் வைத்து எண்ணும், இன்னொன்று பத்து மீன் வைத்து எண்ணும். அந்த எண்ணை விட்டுவிட்டு, நாள் ஒன்றுக்கு எவ்வளவு தீனி போடுகிறீர்கள் என்பதை வைத்து யோசியுங்கள். தீனி குறைவென்றால் குறுகிய கழுத்து. அறுபது எழுபது லிட்டருக்கு ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைந்த கழுத்தே சரி. பெரிய உடலும் அகன்ற கழுத்தும் கொண்டது வேண்டாம். அடுத்து, காற்று மணிக்கு எத்தனை லிட்டர் என்ற எண்ணைக் கேளுங்கள். தண்ணீர் ஓட்டத்தைப் பொறுத்தவரை தொட்டியின் கொள்ளளவுக்கு ஒன்றிரண்டு மடங்கு மணிக்குப் போனால் போதும். ஸ்கிம்மரைக் கடந்த தண்ணீர் தொட்டியில் திரும்பக் கலந்துவிடுவதால், கொள்ளளவுக்குச் சமமான தண்ணீர் ஒருமுறை போனால் உண்மையில் 63 விழுக்காடுதான் உள்ளே போய் வந்திருக்கும்; இரண்டு முறை போனால் 86, மூன்று முறை போனால் 95. நாள் முழுக்க ஓடும் கருவிக்கு இது தாராளம்.

நான் மிகவும் வலியுறுத்துவது, ஸ்கிம்மர் தண்ணீரை எங்கிருந்து எடுக்கிறது என்பதை. குமிழியின் தோலில் ஒட்டும் பொருள்கள் தொட்டியின் மேற்பரப்பிலும் ஒட்டும். அங்கேயும் காற்று இருக்கிறதே. எண்ணெய்ப் படலம்போல மினுங்கும் அந்த மேல்தோலில்தான் ஸ்கிம்மர் தேடும் சரக்கு செறிந்திருக்கிறது. அது ஆக்சிஜன் உள்ளே வருவதையும் ஓரளவு தடுக்கும். அடித்தண்ணீரை உறிஞ்சும் ஸ்கிம்மரைவிட மேற்பரப்பை வழித்தெடுக்கும் ஸ்கிம்மர் சிறிய தொட்டிக்குப் பல மடங்கு மேல். தொட்டிக்குள் வைக்கும் சில மாடல்களிலும், விளிம்பில் தொங்கவிடும் ஹேங் ஆன் வகையில் சிலவற்றிலும் மேல்நீரை எடுக்கும் சல்லடை வாய் இருக்கும். இல்லாவிட்டால் அதற்கான துணைக்கருவி கிடைக்கிறதா என்று கேளுங்கள். பின்பக்கம் தடுப்பறை வைத்தே வரும் தொட்டிகளில் மேல்நீர் தானாக வழிந்து அறைக்குள் வரும். அங்கே ஸ்கிம்மரை முதல் அறையில் வைக்க வேண்டும். வாங்குவதற்கு முன் அந்த அறையின் நீள அகலத்தை டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள்.

குமிழி உண்டாக்கும் முறைகளில் ஏர் ஸ்டோன் மிகப் பழையது. லைம்வுட் என்ற மரத்தில் செய்த கட்டை வழியே ஏர் பம்பால் காற்றை ஊத, மிக நுண்ணிய குமிழிகள் வரும். மலிவு. ஆனால் கட்டை சில வாரங்களில் அடைத்துக்கொள்ளும், மாற்ற வேண்டும். நீடில் வீல் என்பது பம்பின் சுழல்தட்டில் ஊசி ஊசியாக முளைகள் இருப்பது. காற்றை அவை வெட்டிப் பொடியாக்கும். இன்று சிறிய ஸ்கிம்மர்களில் பெரும்பாலும் இதுதான், வாங்குவதற்கும் இதுவே உகந்தது.

பம்பின் வாட் எண்ணைப் பார்க்கத் தவறாதீர்கள். தண்ணீருக்குள் ஓடும் பம்ப் எடுக்கும் மின்சாரம் அத்தனையும் முடிவில் வெப்பமாகத் தண்ணீரில்தான் இறங்கும். 15 வாட் பம்ப், வெப்பம் வெளியே போகாவிட்டால், அறுபது லிட்டரை மணிக்கு 0.2 டிகிரிக்கு மேல் சூடாக்கும். ஆவியாதலும் அறைக்காற்றும் அதில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விடும் என்றாலும், நம் ஊர் வெயிலில் ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் தொட்டிக்கு அதுவும் சுமைதான். 5 வாட் பம்ப் மாதத்துக்கு 3.6 யூனிட் எடுக்கும், 15 வாட் பம்ப் 10.8. குறைந்த வாட்டில் போதிய காற்று இழுக்கும் மாடலே நம் வெயிலுக்கு ஏற்றது.

நீர்மட்டம் இன்னொரு தலைவலி. உள்ளே நுரை ஏறும் உயரம் வெளியே உள்ள நீர்மட்டத்தோடு கட்டுண்டது. அறுபது லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் ஆவியானால் மட்டம் இறங்கும், நுரையும் இறங்கும், உப்பு 35-லிருந்து 36-ஐத் தாண்டும். தினமும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்பவருக்கு எந்த ஸ்கிம்மரும் ஒழுங்காக ஓடும். அதற்கு நேரம் இல்லாதவர் ஸ்கிம்மருக்கு முன்னால் தானியங்கி நீர்நிரப்பி ஒன்றை வாங்குவது நல்லது.

வாங்கி மாட்டிய முதல் வாரம் பொறுமை வேண்டும். புதிய பிளாஸ்டிக்கில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். வினிகர் கலந்த தண்ணீரில் ஓட்டிக் கழுவினாலும் நுரை சீராக ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். எண்ணெய் நுரைக்குப் பகை. உறைய வைத்த தீனியைப் போட்ட பிறகு, அல்லது கிரீம் தடவிய கையை விட்ட பிறகு, நுரை சில மணி நேரம் படுத்துவிடுவது இதனால்தான். தானாக எழும், எதையும் திருக வேண்டாம். தண்ணீர்ச் சீராக்கி மருந்துகளும் பாறை ஒட்டும் எபாக்ஸியும் நேர்மாறாக நுரையைக் கிளப்பிக் கப்பை நிரப்பி வழியவிடும். மின்வெட்டு முடிந்து மின்சாரம் வந்ததும்கூடச் சில நேரம் அப்படிப் பொங்கும். கப் நிறைந்தால் தொட்டிக்குள்ளேயே வழியும்படி அமைந்த மாடல் தரையையும் மின்பலகையையும் காக்கும். கப்பைச் சற்று உயர்த்தி, வறண்ட நுரையாக ஓடும்படி வைத்தால் பொங்கினாலும் இடம் இருக்கும். வயரைப் பிளக்குக்குக் கீழே வளைத்துத் தொங்கவிட்டு, சொட்டும் உப்புநீர் பிளக்கை அடையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை கழுத்தின் உட்புறத்தைத் துடையுங்கள், அந்தப் பிசுக்கு நுரையை ஏறவிடாது. காற்றுக்குழாயில் உப்பு படிந்து அடைக்கும், வெதுவெதுப்பான ஆர்.ஓ. தண்ணீரைக் கொஞ்சம் அதற்குள் விட்டால் கரைந்துவிடும்.

ஸ்கிம்மர் இல்லாமலும் இந்தப் பொழுதுபோக்கு வளர்ந்திருக்கிறது. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961-இல் தன் முறையை எழுதியபோது, பாக்டீரியா குடியிருக்கும் உயிர்ப்பாறையும் ஏர் பம்பின் குமிழிகளும்தான் அவர் தொட்டிகளின் வடிகட்டி. பின்னால் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் உயிர்ப்பாறையோடு வலிய ஸ்கிம்மரையும் வலிய ஒளியையும் சேர்த்தார்கள். பெரிய பவளத் தொட்டிகள் அந்த வழியில் வந்தவை. சிறிய தொட்டி வைப்பவர் லீ சின் எங்குக்கே நெருங்கியவர் என்பது என் எண்ணம். ஒன்றை மட்டும் நம் ஊரில் மாற்றிக்கொள்ள வேண்டும். கல்பவளங்கள் 2001 முதல் இந்தியாவின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து பெயர்த்தெடுத்த பவளக்கல்லைத் தயவுசெய்து வாங்காதீர்கள்; சுட்ட மண்ணிலும் சிமென்ட்டிலும் செய்த நுண்துளைப் பாறையில் அதே பாக்டீரியா சில வாரங்களில் குடியேறும். கோமாளி மீன்களையும் பண்ணையில் பொரித்தவையாகக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆய்வு நிலையங்கள் அவற்றைப் பொரிக்கவைத்துக் காட்டியிருக்கின்றன.

என் தீர்ப்பு இது. நாற்பது லிட்டருக்குள் ஸ்கிம்மர் வேண்டாம். அந்தப் பணத்தில் உப்பளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரும் நல்ல உப்பும் வாங்கி, வாரம் 20 விழுக்காடு தண்ணீரை மாற்றுங்கள்; மேற்பரப்பைக் கலக்க ஒரு சிறு பம்ப் போதும். நாற்பதிலிருந்து நூறு லிட்டர் வரை, குறைந்த வாட்டில், குறுகிய கழுத்தில், மேல்நீரை எடுக்கும் ஒரு நீடில் வீல் ஸ்கிம்மர் நல்ல துணை. தண்ணீர் மாற்றுவதை அதன்பேரில் நிறுத்தக் கூடாது. நூற்றுக்கு மேலே போனால், அல்லது மீன்கள் மிகுந்தால், வாங்கியே தீர வேண்டும்.

கடைக்குப் போனால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், உப்புநீரில். நன்னீர் வாளியில் ஓட்டிக் காட்டுவதால் குமிழியைப் பற்றி ஒன்றும் தெரியாது. புதிதாகக் கலந்த உப்புநீரில் நுரை எழாது, அது கருவியின் குறையல்ல. குமிழி பால்போல் பொடியாக இருக்கிறதா, இரவில் தூங்கவிடும் அளவுக்குச் சத்தம் குறைவா, கப்பும் பம்பும் ஒரு கையால் கழன்று வருகின்றனவா என்று பாருங்கள். கழற்றக் கடினமான ஸ்கிம்மரை யாரும் கழுவுவதில்லை.